விரலைக் குத்துமுன் ஒரு கேள்வி

உட்காருங்கள், டீ வரட்டும். குளுக்கோமீட்டர் வாங்கியாயிற்று, இனி இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டீர்கள். வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குத்து. 160 என்று வந்தால் அன்றைக்கெல்லாம் மனசு சுணங்கும். 120 என்று வந்தால் மதியம் ஒரு கரண்டி சோறு கூடும். ஸ்ட்ரிப் டப்பா காலியானதும் மீட்டர் பீரோவுக்குள் போய்விடும். சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மீட்டர் சர்க்கரையைக் குறைக்காது. ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். வந்த பதிலைப் பார்த்து ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். மாற்றியது பலித்ததா என்று மறுபடி அளக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் குறையும்.

வீட்டில் மீட்டர் வைத்து அப்படிச் செய்த முதல் நோயாளிகளில் ஒருவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். அமெரிக்க எஞ்சினியர். 12 வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டவர். முப்பதுகளிலேயே உடம்பில் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கியிருந்தது. 1969இல் ஒரு கருவியின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சொல்லிவிடும் கருவி. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்காகச் செய்தது அது. லேப் பூட்டியிருக்கும் ராத்திரி வேளையில் மயங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தால், அவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரையால் மயங்கினாரா என்று தெரிய வேண்டுமே! எடை ஒரு கிலோவுக்கு மேல், விலை 650 டாலர். டாக்டர்களுக்கு மட்டுமே விற்றார்கள். பெர்ன்ஸ்டைனின் மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார்கள்.

தினமும் ஐந்து முறை அளந்து பார்த்தபோது, ஒரே நாளில் தன் சர்க்கரை 40க்குக் கீழேயும் 400க்கு மேலேயும் போய்வருவதைக் கண்டார். எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது என்று குறித்தார். இன்சுலினைப் பிரித்துப் போட்டார், உணவை மாற்றினார், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அளந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஏற்ற இறக்கம் அடங்கியது. இதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. அதற்காகவே நாற்பதுகளின் நடுவில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். 2025இல், 90 வயதில் காலமானார். அவர் உணவுமுறை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அளந்த விதம் எல்லோருக்கும் பொருந்தும்.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தினமும் குறைந்தது நான்கு முறை அளந்து, அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டிக் குறைத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குக் கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. பலர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள். அவர்களைப் பற்றி 2007இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு நிதானமாக யோசிக்க வைக்கிறது. இன்சுலின் போடாத 453 பேரில் சிலருக்கு மீட்டர் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் 2011இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில் 483 பேர் இருந்தார்கள். இரு பிரிவினர் கையிலும் மீட்டர் இருந்தது. ஒரு பிரிவினர் மட்டும் டாக்டரைப் பார்க்கப் போகுமுன் மூன்று நாள், நாளைக்கு ஏழு முறை என்று திட்டமிட்டு அளந்து, தாளில் எழுதிக்கொண்டு போனார்கள். டாக்டரும் அந்தத் தாளைப் பார்த்து மருந்தை மாற்றினார். அவர்களுக்குச் சராசரி கூடுதலாகக் குறைந்தது. கருவி ஒன்றேதான், எப்போது அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது என்பதுதான் வேறு.

இதோ டீ. இதைக் குடிப்பதற்குள் கருவியைப் பார்த்துவிடுவோம்.

அந்த ஸ்ட்ரிப்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு நொதி தடவியிருக்கிறது. ரத்தம் பட்டதும் அந்த நொதி குளுக்கோஸோடு வினைபுரிகிறது. வினையில் எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, ஸ்ட்ரிப்பில் உள்ள மின்முனைக்குப் போகின்றன. குளுக்கோஸ் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம். மீட்டர் அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் இந்த யோசனையை 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்தார். ஆக, உண்மையான பரிசோதனை நடப்பது ஸ்ட்ரிப்புக்குள். மீட்டர் அதைப் படிக்கும் வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஸ்ட்ரிப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். நம் ஊர்ப் புழுக்கமும் வெயிலும் அந்த நொதியைக் கெடுக்கும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்த உடனே இறுக மூடுங்கள். அடுப்பு மேடை, ஜன்னல் ஓரம், வெயிலில் நிற்கும் கார், எதுவும் வேண்டாம். பிரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போது ஈரம் கோக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். டப்பாவைத் திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்றும் அதன் மேலேயே போட்டிருப்பார்கள்.

அடுத்தது கை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். ஜப்பானில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த கையில் கழுவாமல் அளந்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் தப்பாகவே காட்டியது. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான எண் வந்தது. ஒட்டியிருக்கும் துளிச் சாறு போதும், 110ஐ 300 ஆக்கிவிடும். ஈரக் கையோடு குத்தினால் ரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், அங்கேதான் வலிக்கும். பக்கவாட்டில் குத்துங்கள், விரலை மாற்றி மாற்றி. ரத்தம் வரவில்லையென்றால் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவிவிடுங்கள். நுனியைப் பிழிய வேண்டாம். இன்னொன்று முக்கியம். மீட்டர் வந்த புதிதில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே ஊசியால் குத்திப் பார்க்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகள் இப்படிப் பரவியிருக்கின்றன. குத்தும் பேனாவும் ஊசியும் ஒருவருக்கு மட்டும்.

இனி, வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? மீட்டர்களுக்கென்று ஒரு சர்வதேசத் தர அளவுகோல் உண்டு. 100க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முறை, லேப் காட்டுவதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 100க்குக் கீழே என்றால் 15 எண்ணுக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மை அளவு 200 என்றால் மீட்டர் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம்; இரண்டும் தேர்ச்சிதான். ஆகையால் நேற்று 128, இன்று 136 என்று கவலைப்படுவதில் பொருளில்லை. ஒரே விரலில் இரண்டு முறை குத்தி இரண்டு எண் வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 120க்கும் 210க்கும் உள்ள இடைவெளி நிஜம். அதைத்தான் நாம் தேடுகிறோம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

லண்டனிலோ கனடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் மீட்டர் வாங்கி அனுப்பியிருந்தால், அது 7.2 என்று காட்டிப் பயமுறுத்தும். அங்கே அளவு முறை வேறு. 18ஆல் பெருக்குங்கள்: 7.2 என்றால் ஏறக்குறைய 130. அதே மீட்டரில் 20 என்று வந்தால் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது, அது 360.

சரி, எப்போது அளப்பது? இங்கேதான் கேள்வி வேண்டும் என்கிறேன். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: என் காலைச் சாப்பாடு என் உடம்பில் என்ன செய்கிறது?

இட்லிக்கு உட்காருமுன் ஒரு முறை அளங்கள். முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு இட்லிக்கு முன் 118, பின் 212 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் 94. பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்டபின் 180க்குக் கீழ் என்று டாக்டர்கள் இலக்கு வைக்கிறார்கள். ஏற்றம் 50ஐத் தாண்டாவிட்டால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 94 அதிகம்.

இப்போது ஒன்றை மாற்றுங்கள், ஒன்றை மட்டும். அடுத்த நாள் அதே நேரம், இரண்டு இட்லி, மற்ற இரண்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு முட்டை. அளங்கள். இன்னொரு நாள் அதே நான்கு இட்லி, ஆனால் சாப்பிட்டதும் கால் மணி நேரம் தெருவில் நடை. அளங்கள். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்; அதை எண்ணாகவே பார்ப்பீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. அதனால்தான் ஒன்று மட்டும் என்கிறேன்.

ஊரில் யாரோ சொன்னதையெல்லாம் இப்படிச் சோதித்துப் பார்த்துவிடலாம். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று பலர் தினமும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சினால் அதிலுள்ள மாவுச்சத்து விரைவாகச் செரித்து ரத்தத்தில் இறங்கும். அதே கேழ்வரகு களியாகவோ அடையாகவோ வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். நாட்டுச் சர்க்கரை போட்ட டீ, கருப்பட்டிக் காபி ஒன்றும் செய்யாது என்பார்கள். குடிக்குமுன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. உங்கள் ரத்தமே சொல்லிவிடும். நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரே சாப்பாடு இரண்டு பேருக்கு ஒரே மாதிரி ஏறுவதில்லை. இந்தக் கருவியின் பெரிய நன்மை அதுதான்: அது உங்களைப் பற்றி மட்டும் பேசுகிறது.

ராத்திரி சரியாகத்தானே சாப்பிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் 170 எப்படி வந்தது என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்கான கேள்வி: ராத்திரியில் என்ன நடந்தது? மூன்று இடங்களில் அளங்கள்: படுக்கப் போகும்போது, ஓரிரு நாள் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு, எழுந்ததும். படுக்கும்போதே 200 என்றால் குற்றவாளி இரவுச் சாப்பாடு. நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டும். படுக்கும்போது 125, மூன்று மணிக்கு 130, காலையில் 170 என்றால் அது கல்லீரலின் வேலை. விடியலில் சுரக்கும் ஹார்மோன்கள், உடம்பு எழுந்து இயங்கட்டும் என்று கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் செய்யும். இது உங்கள் தப்பில்லை. டாக்டர் மருந்தில் சரிசெய்ய வேண்டியது. மூன்று மணிக்கு 60 என்று வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்குகிறது என்று பொருள், மருந்தின் அளவு கூடியிருக்கலாம். வெளியே பார்த்தால் மூவருக்கும் ஒரே பிரச்சினை, தீர்வு மூன்றும் வேறு வேறு. வெறும் வயிறு என்றால் டீயும் குடிக்காத வயிறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கேள்வி அவசரமானது: இது லோ சுகரா? திடீரென்று வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, குழப்பம் என்றால் அளங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளைமிபிரைடு, கிளைகிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது நேரக்கூடும். 70க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். மீட்டர் கைக்கெட்டவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைக் குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். இதை உங்கள் வீட்டிலுள்ளவர்களும் தெரிந்து வைத்திருக்கட்டும். நெடுநாள் 300இல் இருந்தவர்களுக்கு 120க்கு வரும்போதே இந்தப் படபடப்பு வருவதுண்டு. அவர்களுக்கு மீட்டர் தைரியம் சொல்லும்: இது ஆபத்தில்லை, உடம்பு பழகிக்கொள்கிறது என்று.

மூன்று மாத சராசரிப் பரிசோதனைதான் இருக்கிறதே, ஹெச்.பி.ஏ.1சி, அது போதாதா என்பீர்கள். அது வேண்டும், அதை விடக் கூடாது. ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் விகிதத்தை அது சொல்கிறது. இந்த டீ கிளாஸைப் பாருங்கள், தினமும் டீ ஊற்ற ஊற்ற உள்ளே கறை ஏறுகிற மாதிரிதான் அது. கறையைப் பார்த்து மொத்தம் எவ்வளவு என்று சொல்லலாம், எந்த வேளை என்று சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனையில் 7 என்று வந்தால் ரத்தச் சர்க்கரை சராசரியாக 154 என்று கணக்கு. எப்போதும் 154ஐ ஒட்டியே இருப்பவருக்கும் அந்த எண் வரும். காலையில் 60, இரவில் 250 என்று ஆடுகிறவருக்கும் வரும். இரண்டாமவர் ஆபத்தில் இருக்கிறார். அதைக் காட்டுவது மீட்டர்.

எத்தனை முறை குத்துவது என்பது உங்கள் சிகிச்சையைப் பொறுத்தது. நாளுக்குப் பல முறை இன்சுலின் போடுபவர் ஒவ்வொரு வேளைக்கு முன்பும், படுக்குமுன்பும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இலக்கே இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ், அவர்கள் டாக்டர் சொல்லும் நேரமெல்லாம் பார்க்க வேண்டும். வயதான, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இலக்கைத் தளர்த்துவார்கள். அவர்களுக்கு 180ஐவிட 60 பயங்கரம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, சராசரி நன்றாக இருப்பவர் தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. புது மாத்திரை தொடங்கும்போது, சாப்பாட்டை மாற்றும்போது, டாக்டரைப் பார்க்கப் போகுமுன் என்று பார்த்தால் போதும். காய்ச்சல், வாந்தி என்று படுத்துவிட்டால் மட்டும் எல்லோரும் கூடுதலாக அளக்க வேண்டும். சாப்பிடாமலே சர்க்கரை ஏறும் நாட்கள் அவை. ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் காசு. அதைத் தினமும் ஒரே நேரத்தில் செலவழிக்காமல் கேள்வி இருக்கும் இடத்தில் செலவழியுங்கள்.

கடைசியாக, நோட்டு. மீட்டரின் நினைவகத்தில் எண் இருக்கும்; நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா, மாத்திரை போட மறந்தீர்களா என்பது இருக்காது. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், எண், பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கு நடுவில் டாக்டர் முன் நமக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் “சுகர் ஏறிடுது டாக்டர்” என்று சொன்னால் ஒரு மாத்திரை கூடும். “மூன்று நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏறுகிறது, மற்ற வேளை சரியாக இருக்கிறது” என்று நோட்டைக் காட்டினால் சிகிச்சை அந்த இடத்துக்கே போகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவரிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையையும் இன்சுலினையும் கூட்டிக் குறைக்க வேண்டாம்; சாப்பாடும் நடையும் உங்கள் கையில், மருந்து டாக்டர் கையில்.

எண்ணைப் பார்த்து யாரையும் திட்டவும் வேண்டாம். 240 என்று வந்ததும் “என்ன தின்னே?” என்று வீட்டில் அதட்டினால், அடுத்த முறை அம்மா அளக்கமாட்டார், அளந்தாலும் சொல்லமாட்டார். அந்த எண் அவருடைய குணத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. எந்த வேளையில் உதவி வேண்டும் என்று அவர் உடம்பு சொல்லும் தகவல் அது. கூட உட்கார்ந்து, “எதை மாற்றிப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள்.

நாளைக் காலை தொடங்குங்கள். மூன்று நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து, அடுத்த மூன்று நாள் ஒரே ஒரு மாற்றத்தோடு அளந்தால் மொத்தம் 12 ஸ்ட்ரிப். அதற்குள் உங்கள் காலைச் சாப்பாட்டைப் பற்றி வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு மதியம், அதன் பிறகு இரவு. ஏழாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.